கவுன்ட் ஏறியது எதனால்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) கணக்கில் தேர்ந்துவிடுவார்கள். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திவருகிறேன். 2012-இல் கடையநல்லூரில் டெங்கு பரவியபோதே இந்தத் தொழிலில் இருந்தவன். சி.பி.சி. எனப்படும் முழு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளணு, ஹீமோகுளோபின், ஹீமட்டோகிரிட் என்று வரிசையாக எத்தனையோ எண்கள் இருக்கும். ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கும் உறவினரின் விரல் நேரே போய் நிற்கும் இடம் பிளேட்லெட் வரி ஒன்றுதான். “அண்ணாச்சி, கவுன்ட் ஏறிட்டா, எறங்கிட்டா?” என்பதே கேள்வி. நோய் பரவும் காலத்தில் சமூக ஊடகங்களில் வரும் மருத்துவச் செய்திகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது.

தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017-இல், உறவினர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அருகருகே ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் பிளேட்லெட் 31 ஆயிரம். மற்றொன்றில் 1 லட்சத்து 20 ஆயிரம். “பப்பாளி இலைச்சாறு செய்த அற்புதம், ஆஸ்பத்திரிகள் மறைக்கும் ரகசியம், அனைவருக்கும் பகிருங்கள்” என்று கீழே சிவப்பு எழுத்து. மேலே இருந்த பெயரையும் தேதியையும் வெட்டியிருந்தார்கள் என்றாலும், எழுத்துருவையும் கட்டங்களின் அமைப்பையும் பார்த்தவுடனே அவை எங்கள் கூடத்து அறிக்கைகள் என்று தெரிந்துவிட்டது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு எண்களுமே உண்மை. நோயாளி இலைச்சாறு குடித்ததும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்கூட இல்லை. வெட்டி எறியப்பட்ட அந்தத் தேதிகளில்தான் விஷயம் இருந்தது. முதல் அறிக்கை காய்ச்சலின் ஐந்தாம் நாளிலும் இரண்டாவது எட்டாம் நாளிலும் எடுத்தவை.

டெங்குவின் போக்கை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு நாட்களைச் சொன்னாலே போதும். காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாட்கள் நீடிக்கும். மூன்றாம் நாள்வாக்கில் இறங்கத் தொடங்கும் பிளேட்லெட், காய்ச்சல் விடும் சமயத்தை ஒட்டி அடிமட்டத்தைத் தொட்டு, அதன்பிறகு தானாகவே ஏறும். கசாயம் குடித்தவருக்கும் ஏறும், குளிர்பானம் குடித்தவருக்கும் ஏறும், ஒன்றுமே குடிக்கப் பிடிக்காமல் டிரிப்ஸில் கிடந்தவருக்கும் ஏறும். எங்களைப் போன்றவர்கள் பிளேட்லெட்டுக்கு முன்னால் வெள்ளணுவைப் பார்ப்போம். டெங்குவில் அதுவும் 2,000, 3,000 என்று விழுந்துகிடக்கும். நோய் திரும்பத் தொடங்கும்போது முதலில் நிமிர்வது வெள்ளணுதான், பிளேட்லெட் அதற்குப் பின்னால் வரும். உறவினர்கள் பிளேட்லெட் வரியைப் பார்த்துக் கண்கலங்கி நிற்கும்போது, இரண்டு வரிகள் மேலே வெள்ளணு ஏறியிருப்பதைப் பார்த்து நான் மனத்துக்குள் நிம்மதி அடைந்த வேளைகள் பல உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அது மருத்துவரின் வேலை.

இனி, இலைச்சாறு எப்போது தேடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் வந்த முதல் நாளில் யாரும் பப்பாளி மரத்தைத் தேடி ஓடுவதில்லை. கவுன்ட் 50 ஆயிரத்துக்குக் கீழே போன பிறகுதான், அதாவது இயற்கையாகவே ஏற வேண்டிய நேரம் நெருங்கிய பிறகுதான், சித்தப்பாவோ மைத்துனரோ இலையைப் பறித்துக்கொண்டு வருகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர்கள் சொல்லிவைத்தார்கள்; இங்கே பழம் கனிந்து விழப்போகும் நாள் பார்த்தே காக்கையைக் கூட்டிவந்து உட்கார வைக்கிறோம். ஆகவே, ஒரு மருந்தால் குணமானதாக எவரேனும் சொன்னால் நான் முதலில் கேட்பது, அது நோயின் எத்தனையாவது நாளில் தரப்பட்டது என்பதைத்தான். தானாக ஆறும் எந்த நோய்க்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அளவீட்டிலேயே நேரும் பிழையும் அற்புதமாகிவிடுவதுண்டு. குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்காமல் ஊசியை அங்குமிங்கும் துழாவி எடுத்த ரத்தம் குழாய்க்குப் போவதற்குள்ளேயே நுண்ணிய அளவில் உறையத் தொடங்கிவிடும். சிலரது ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பியே தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடும். இயந்திரத்துக்கு அந்தக் கொத்து தட்டணுவாகத் தெரியாது. ஆகவே உண்மையில் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கும் 40 ஆயிரம் என்று அச்சடித்துத் தந்துவிடும். சந்தேகம் வந்தால் ஸ்லைடில் ஒரு துளியைப் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூச்சின் மெல்லிய ஓரத்தில் தட்டணுக்கள் திட்டுத்திட்டாகச் சேர்ந்துகிடந்தால் இயந்திரத்தின் எண்ணை நம்பக் கூடாது. திட்டு இல்லாதபோது, ஒரு பார்வைப் புலத்தில் சராசரியாக எத்தனை தட்டணுக்கள் தென்படுகின்றன என்று எண்ணி அதை 15,000-ஆல் பெருக்கினால் தோராயமான கணக்கு கிடைக்கும். கூட்டம் நிரம்பி வழியும் டெங்கு காலத்தில் எல்லாக் கூடங்களிலும் எல்லோருக்கும் இது நடப்பதில்லை. காலையில் ஓரிடத்தில் 28 ஆயிரம், மாலையில் வேறிடத்தில் 85 ஆயிரம் என்று வந்தால், இடையில் குடித்த எதுவாயினும் அதற்குப் புகழ் சேர்ந்துவிடும்.

இதில் என்ன கெட்டுவிட்டது, கசப்புச் சாறுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் சாற்றில் இருப்பதைவிட அது தரும் நம்பிக்கையில் இருக்கிறது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அன்று. ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறிவிடுவதும், அதனால் ரத்த அழுத்தம் சரிந்துபோவதுமே ஆகும். அந்தக் கசிவு நடக்கும் 24 முதல் 48 மணி நேரம், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டார் மகிழும் நேரத்தோடு ஒன்றாக வந்து சேர்கிறது. எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், சாறு குடித்த மறுநாள் உடம்பு குளிர்ந்துவிட்டது என்பதால், மருத்துவர் இன்னும் ஒரு நாள் இருக்கச் சொல்லியும் கேளாமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு இளைஞரை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைய அறிக்கையில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் முந்தைய நாளைவிடக் கணிசமாக ஏறியிருந்தது. நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இரவில் கைகால் சில்லிட்டு, நாடி பிடிபடாத நிலையில் மீண்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தீவிர சிகிச்சைக்குப் பிறகு பிழைத்துக்கொண்டார். குடித்த சாறுதான் அவரைக் காப்பாற்றியது என்று அந்த வீட்டில் இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் வயிற்றில் அந்தச் சாற்றைக் குடித்தால் பலருக்குக் குமட்டி வாந்தி வரும். டெங்குவில் தொடர் வாந்தி என்பது ஆபத்து அறிகுறிகளில் ஒன்று. வாந்தி நோயால் வந்ததா சாற்றால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் மருத்துவர் திணற வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு உடம்பில் இருந்த நீரும் போய்விடும்.

இலைச்சாற்றைப் பற்றி ஆய்வே நடக்கவில்லை என்று சொல்வது சரியன்று. அப்படிச் சொல்லி வாதத்தைத் தொடங்குவோர் பாதியிலேயே தோற்றுப்போவார்கள். மலேசியாவில் 228 டெங்கு நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, சாறு அருந்தியவர்களுக்கு 40 மணி நேரத்துக்குப் பிறகு பிளேட்லெட் சற்று வேகமாக ஏறியதாகச் சொல்கிறது. அந்த ஆய்வில் மற்ற குழுவினருக்குச் சாறு போன்ற போலி பானம் எதுவும் கொடுக்கப்படவில்லை; யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைக்கூட ஒதுக்கிவைப்போம். எண் வேகமாக ஏறினால் நோயாளிக்கு என்ன நன்மை? நீர்க்கசிவு குறைந்ததா, ரத்தப்போக்கு நின்றதா, இறப்பு குறைந்ததா என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், பிளேட்லெட் 20 ஆயிரமும் அதற்குக் கீழுமாக இறங்கியும் பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குப் பிளேட்லெட்டையே ஏற்றினார்கள். ஏற்றப்பட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஏற்றப்படாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் ஏதோவொரு ரத்தக்கசிவு ஏற்பட்டது. தற்செயலாகவே அமையக்கூடிய அளவு வேறுபாடுதான் இது. பக்கவிளைவுகளோ, ஏற்றப்பட்டவர்களிடத்தில்தான் கூடுதல். தட்டணுவையே நேரடியாக உடம்பில் ஏற்றியும் கிடைக்காத நன்மை, எண்ணைச் சிறிது ஏற்றிக் காட்டும் சாற்றால் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இரவோடு இரவாகப் பிளேட்லெட் பைக்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளனுப்பும் குடும்பங்களுக்கு இந்த ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏனெனில், எண்ணைத் துரத்தும் மனநிலை கைவைத்தியத்தில் மட்டும் இல்லை, மருத்துவமனைகளுக்குள்ளும் இருக்கிறது.

அதே 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் நிலவேம்புக் குடிநீரைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் ட்விட்டரில் எழுதியதும், ஒரு பக்கம் சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவதாகவும் மறுபக்கம் மூடநம்பிக்கையைத் தோலுரிப்பதாகவும் இரு கட்சிகள் பிரிந்தன. எங்கள் குழுக்களில் நாள்கணக்கில் நடந்த அந்தச் சண்டையில், குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டவர் எவரும் இல்லை. மரபுப் பெருமை பற்றிய விவாதமாக மாறிவிட்ட ஒன்றில் ஆதாரம் பேசுவது வீண். அப்போது ஒதுங்கி நின்று சூடு தணிந்தபின் பேசுவது மேல்.

மருந்துக்கு வீண்புகழ் சேர்க்கும் இதே தர்க்கம்தான் தடுப்பூசிக்கு வீண்பழியும் சுமத்துகிறது என்பதை அதே ஆண்டில் தெளிவாகப் பார்த்தேன். 2017 பிப்ரவரியில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுவரை தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை நடத்துகின்றன என்ற குரல்பதிவு ஒன்று பெற்றோர் குழுக்களில் சுற்றியது. என் மகள் படித்த பள்ளியில் முகாம் நாளன்று நானும் போயிருந்தேன். வெயில், காலையில் சாப்பிடாத பிள்ளைகள், முன்னால் நிற்பவள் அழுவதைப் பார்த்துப் பின்னால் நிற்பவளுக்கு வரும் நடுக்கம். வரிசையில் நின்ற ஒரு சிறுமி மயங்கிச் சாய்ந்தாள். ஊசி அவளுக்கு இன்னும் போடப்படவில்லை; அவளுக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். செவிலியர் அவளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடிக்க, சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அதே மயக்கம் சற்றுத் தாமதித்து வந்திருந்தால் மாலைக்குள் அவள் படம் மாவட்டம் முழுக்கப் போயிருக்கும். ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போடத் திட்டமிட்ட மாநிலத்தில், ஊசியே போடாவிட்டாலும் எந்த ஒரு நாளிலும் சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு வலிப்பு வரும், சிலர் மயங்கி விழுவார்கள். ஊசிக்குப் பின் இவை நடந்தனவா என்று கேட்பதில் பயனில்லை; ஊசி போட்டவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக நடந்தனவா என்பதே கேட்க வேண்டியது.

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற உலகளாவிய வதந்திக்கும் வேர் இதுவே. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் ஏறத்தாழ ஒன்று. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் ‘லான்செட்’டில் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் இல்லை. தகவல்கள் திரிக்கப்பட்டது அம்பலமாகி 2010-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று தெரிந்தது. அறிவியல் இதழிலும் பொய் அச்சாகும், அதைத் திரும்பப் பெறப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட ஆகும் என்பதை நான் மறைப்பதில்லை. ஆனாலும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று அந்தக் கட்டுரையின் மேலேயே எழுதிவைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த எந்தச் செய்தியின் மேலும் அப்படி ஒரு முத்திரையை நான் கண்டதில்லை.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு இரண்டு நாளில் மறைந்தபோது, எங்கள் ஊர் முகாமின் வரிசை மெலிந்துவிட்டது. அந்த இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் வல்லுநர் குழு பின்னர் அறிவித்தது. அதற்குள் மாதங்கள் ஓடியிருந்தன. அந்த நாட்களில் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் புள்ளிவிவரம் சொல்லவில்லை. அவர் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி, எனக்கும் வருத்தம்தான் என்று தொடங்கி, மாரடைப்பு ஊசிக்கு முந்தைய ஆண்டுகளிலும் அந்த வயதில் வந்துகொண்டுதானே இருந்தது என்று கேட்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் முதல் வாக்கியத்திலேயே மறுப்பு சொன்னால் இரண்டாவது வாக்கியத்தை அவர் கேட்கமாட்டார்.

கொரோனா காலத்தில் ஆலோசனைகள் மாறிக்கொண்டே இருந்ததைச் சுட்டி, “டாக்டர்களுக்கே தெரியல” என்பார்கள். அதற்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 4,700 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காடு, பெறாதவர்களில் 25 விழுக்காடு. பயனில்லை என்று 2020 ஜூன் மாதத்தின் தொடக்கத்தில் அறிவித்துவிட்டார்கள். அதே ஆய்வில், அதே முறையில் சோதித்த டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41 விழுக்காட்டிலிருந்து 29-ஆகக் குறைத்தது. அது எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் மலிவாகக் கிடைக்கும் மருந்து. பெரிய நிறுவனங்களுக்கு லாபமில்லாத எதையும் அறிவியல் ஏற்காது என்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயன் தெரியவில்லை என்ற மறுபாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை விட்டதால்தான் வீட்டிலேயே மாத்திரையை வாங்கி விழுங்கியவர்கள் இருந்தார்கள்.

குழுக்களில் எது எடுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘பொய்ச் செய்தி’ என்று முத்திரை குத்திய படங்கள் எடுபடுவதில்லை; அனுப்பியவரின் மானம் சம்பந்தப்பட்டுவிடுகிறது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பை யாரும் திறப்பதில்லை. அனுப்பியவரைத் தனியே அழைத்து, “அத்தை, இது உங்களுக்கு யார் அனுப்பினது, காய்ச்சல் எத்தனையாவது நாளாம்?” என்று கேட்டால், பாதிப் பேர் தாங்களே குழுவில் போட்டதை அழித்துவிடுகிறார்கள். ஒருமுறை, பெயர்களை நீக்கிவிட்டு எங்கள் பதிவேட்டிலிருந்து நோயாளிகள் சிலரின் பிளேட்லெட்டை நாள்வாரியாகக் கோடு வரைந்து, எந்தக் கோடு சாறு குடித்தவருடையது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று போட்டேன். எல்லாக் கோடும் ஒரே மாதிரி பள்ளத்தில் இறங்கி ஏறின. அன்று வந்த பதில்கள் அளவுக்கு எந்த நீண்ட விளக்கத்துக்கும் வந்ததில்லை. சாற்றை விட மனமில்லாதவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பதில்லை. வாந்தி வந்தால் நிறுத்துங்கள், அதைக் காரணம் காட்டி மருத்துவமனையை விட்டு வராதீர்கள் என்ற இரண்டு நிபந்தனைகளோடு விட்டுவிடுவேன்.

செய்யாதே என்பதோடு, செய்வதற்கு ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். ஆகவே மழை தொடங்கும் முன்பே, பயம் ஊருக்குள் வருவதற்கு முன்பே, எங்கள் பகுதி மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து ஒரு குறிப்பை அனுப்பிவிடுகிறேன். காய்ச்சல் தொடங்கிய தேதியைத் தாளில் எழுதி வையுங்கள். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று குடித்துக்கொண்டே இருக்கச் செய்யுங்கள். டெங்குக் கிருமியின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்கே பொருந்தும். அதற்குப் பின் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் டெங்கு இல்லை என்று பொருள் இல்லை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண் கடைசி வரியில் இருக்கும்.

ஓராண்டு அந்தக் குறிப்பு வேறு வேறு குழுக்களைச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தபோது, ‘ஆறு மணி நேரம்’ என்பது ‘பன்னிரண்டு மணி நேரம்’ ஆகியிருந்தது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. அதிலிருந்து அதை எழுத்துச் செய்தியாக அனுப்புவதில்லை. தேதியையும் சரிபார்த்த மருத்துவரின் பெயரையும் நடுவில் குறுக்காகப் பொறித்து, வெட்டினால் தெரியும்படி படமாக மட்டுமே அனுப்புகிறேன்.